பறக்கும் ரயிலடியில் பார்த்த சிரிப்பு

சிரித்தே ஊரை எரித்தவன் எங்கள் அப்பன். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட நாளில் அவனுக்கு ஆயுதக் குறை ஒன்றும் இல்லை. பூமி தேராக வந்து நின்றது. சூரிய சந்திரர் சக்கரமானார்கள். நான்முகன் கடிவாளம் பிடித்தான். மேரு வில்லாயிற்று, வாசுகி நாணாயிற்று, திருமாலே அம்பானார், அக்கினி அதன் முனையில் அமர்ந்தான். நாம் இல்லாவிட்டால் இவனுக்கு இது ஆகுமா என்று தேவர்கள் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்கள். அவன் வில்லை வளைக்கவே இல்லை. சிரித்தான். பொன்னும் வெள்ளியும் இரும்புமாக வானத்தில் பறந்து திரிந்த மூன்று கோட்டைகளும் பொடிப்பொடியாயின. திருவதிகையில் அந்தச் சிரிப்புக்குத்தான் கோயில்.

சூலை நோய் தீர்ந்து அந்தத் திருவதிகையிலிருந்து நடக்கத் தொடங்கியவர் அப்பர். பிறவியே வேண்டாம், இந்தச் சுழலிலிருந்து எடுத்துவிடு என்று கதறுவதுதான் நம் மரபு. அவரோ தில்லைக்கு வந்து கூத்தனின் இதழோரத்துச் சிரிப்பைப் பார்த்ததும், இதைக் காணலாம் என்றால் மனிதனாகப் பிறந்தாலும் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு சிரிப்புக்காக முத்தியையே தள்ளிவைக்கத் துணிந்த மனுஷர்! அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் சின்னப் பொறாமை வரும்.

தில்லையில் நானும் நின்றிருக்கிறேன். மணி முழங்க, தீபம் உயர, கூட்டம் என்னைத் தூக்கி ஒரு தூணோரம் வைக்க, கண்ணீர் மறைத்த கண்ணால் எதையோ பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தச் சிரிப்பு மறைப்பு ஏதும் இல்லாமல் முழுசாக என்மேல் விழுந்த இடம் வேறு. சென்னையில் பறக்கும் ரயில் நிலையம் ஒன்றின் வெளிச்சுவர். கஸ்தூரிபா நகருக்கு அடுத்து, திருவான்மியூருக்கு முன்னால் வரும் இந்திரா நகர் நிலையம்.

கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்கு ஓடும் இந்த ரயிலைப் பற்றி நகரத்தில் யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2004இல் திருவான்மியூருக்கும் 2007இல் வேளச்சேரிக்கும் நீண்டது. நிலையங்கள் ஒவ்வொன்றும் பெரிய பெரிய சிமென்ட் மண்டபங்கள். மண்டபத்துக்குத் தகுந்த கூட்டம் மட்டும் இல்லை. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு இது தேவாரப் பாதை. திருமயிலையில் ஏறும்போது சம்பந்தர். திருவான்மியூரில் இறங்கும்போது சம்பந்தரும் அப்பரும். பாடல் பெற்ற இரண்டு தலங்களையும் ஒரு சீட்டில் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறது ரயில்வே. இடையில் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம் எல்லாம் வந்து போகும்.

அது பங்குனி மாதம். மயிலையில் முந்தைய நாள்தான் அறுபத்துமூவர் முடிந்திருந்தது. பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை எழுந்து வரும் நிகழ்ச்சி. பாம்பு தீண்டி இறந்த செட்டியார் வீட்டுப் பெண்ணின் எலும்பும் சாம்பலும் குடத்தில் இருக்க, இந்தத் திருவிழாக்களை எல்லாம் பார்க்காமல் போகலாமா என்று சம்பந்தர் ஊர்த் திருவிழாக்களை வரிசையாகச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எழுந்து வந்தாள். அன்று பிற்பகலே நாயன்மார்கள் அறுபத்துமூவரும் பல்லக்கில் மாட வீதிக்கு வருகிறார்கள். சட்டி பானை செய்த திருநீலகண்டர், துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், வலை வீசிய அதிபத்தர், செக்காட்டி எண்ணெய் விற்ற கலியர், வேட்டைக்காரக் கண்ணப்பர், புலைப்பாடியில் பிறந்த நந்தனார், நெசவு நெய்த நேசர். நடுவே அரசர்களும் அந்தணர்களும். தெருவில் நீர்மோரும் பானகமும் கொடுத்துக்கொண்டிருப்பவர்களில் பாதிப்பேர் இதே தொழில்களைச் செய்கிறவர்கள்.

இதை நான் எப்போதும் ஓர் ஊரின் குழுப்படமாகத்தான் பார்ப்பேன். திருவாரூரில் சுந்தரர் அடியார்களின் பெயரை அடுக்கிப் பாடினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அவர்களுக்கு உடம்பும் வீடும் தெருவும் பெண்டாட்டி பிள்ளையும் கொடுத்தார். அதே நூற்றாண்டில் தாராசுரத்துச் சிற்பி கல்லில் அவர்களைச் சின்னச் சின்னப் படங்களாக வரிசையாகச் செதுக்கி, யார் யார் என்று தெரியப் பெயரும் பொறித்து வைத்தான். சாமானியனின் முகத்தைக் கோயில் சுவரில் ஏற்றும் வேலை நமக்குப் புதிதல்ல. நடுவில் சில நூற்றாண்டுகள் மறந்திருந்தோம், அவ்வளவுதான்.

மறுநாள் மாலை திருவான்மியூர் மருந்தீசரைப் பார்க்கக் கிளம்பினேன். இந்திரா நகரில் உறவினர் ஒருவரைக் கண்டுவிட்டுப் போகலாம் என்று ஒரு நிலையம் முன்பே இறங்கி, படியிறங்கி, ராஜீவ் காந்தி சாலைப் பக்கம் வந்து திரும்பிப் பார்த்தேன்.

முகங்கள்.

தளம் தளமாக உயர்ந்த அந்தச் சுவர் முழுவதும் மனித முகங்கள். ஒரு கண்ணே ஓர் ஆள் உயரம் இருக்கும். நீலமும் ஊதாவும் ஆரஞ்சும் தோலின் மாநிறத்தோடு கலந்து ஓடுகின்றன. ஆண், பெண், வாலிபம், வயசு எல்லாம் தோளோடு தோளாக. நடிகர் யாரும் இல்லை. தலைவர் யாரும் இல்லை. காலையில் பால் வாங்கப் போகும்போது எதிரே வருகிறவர்கள். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாலையில் ஐ.டி. கம்பெனிப் பேருந்துகளும் ஆட்டோக்களும் தண்ணீர் லாரிகளும் இரைந்துகொண்டு போகின்றன. எல்லாவற்றுக்கும் மேலே இந்தச் சிரிப்பு, சத்தமே இல்லாமல், யாரையும் விலக்காமல், எல்லார் தலைமேலும் பொழிந்துகொண்டிருக்கிறது. சாய்ந்த வெயில் கன்னங்களில் பட்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கை தானாக மேலே எழும்பிக் குவிந்தது. பக்கத்தில் நின்றவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார், பார்க்கட்டும்.

இதை வரைந்தவர் சென்னைக்காரர். ஏ-கில் என்ற பெயரில் வரைகிறார். தில்லியைச் சேர்ந்த கத்ரா என்ற ஓவியர் அவரோடு சேர்ந்துகொண்டார். 2021இல் இந்த வேலை முடிந்தது. ‘வீ ஆர்’ என்று பெயர். ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ், தென்னக ரயில்வே, தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் எல்லாம் சேர்ந்து செய்த காரியம். பல தரப்பு மனிதர்களை ஒன்றாகச் சேர்த்து, படம் எடுத்து, அந்தப் படங்களிலிருந்து வரைந்தார்கள். அவர்களில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழ்பவர்கள் உண்டு, தொற்று இல்லாதவர்களும் உண்டு. எந்த முகம் எது என்று சுவர் சொல்லாது. அதுதான் அந்த ஓவியத்தின் உயிர்.

பெயின்ட் கம்பெனி தன் சரக்கை விளம்பரம் செய்துகொள்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கட்டுமே. டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று பேர் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுகிற நாம் இதைச் சொல்லலாமா? இங்கே வெளிச்சம் மறையவில்லை.

அந்த வேலையின் கஷ்டத்தையும் யோசிக்க வேண்டும். கையகலப் படம் ஒன்றை ஐந்தாறு மாடி உயரச் சுவரில் ஏற்ற வேண்டும். முதலில் சுவரெங்கும் கோடோ கிறுக்கலோ போட்டு, அதைப் படத்தோடு பொருத்தி, இந்தக் கிறுக்கலுக்குப் பக்கத்தில் மூக்கு, அந்தக் கோட்டுக்குக் கீழே உதடு என்று அடையாளம் பார்த்துக்கொள்வது சுவரோவியர்களின் வழக்கம். பிறகு தூக்கி வண்டியிலோ சாரத்திலோ ஏறிப் போனால், எதிரே இருப்பது வெறும் நிறத் திட்டு. தான் வரைவது கண்ணா கன்னமா என்று அங்கே நிற்பவருக்குத் தெரியாது. சிரிப்பு அவருக்குத் தெரியவே தெரியாது. கீழே இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால்தான் தெரியும். வெயிலில் உருகும் சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, தெரியாத ஒரு சிரிப்பை நம்பி நாள் முழுக்க வண்ணம் பூசுகிறவனை வேறு என்னவென்று சொல்வது? அவன் கும்பிட்டாலும் சரி கும்பிடாவிட்டாலும் சரி, அது உபாசனை.

செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள் எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியில்தான் கண் திறப்பார்கள். பொன் உளி, வெள்ளிச் சுத்தி, நல்ல நேரம், மந்திரம் எல்லாம் வேண்டும். இந்த முகங்களுக்கு யார் கண் திறந்தார்கள்? கும்பாபிஷேகம் இல்லை, யாகசாலை இல்லை. ஆனாலும் அந்தக் கண்கள் திறந்திருந்தன. அவை என்னைப் பார்த்தன. தரிசனம் என்றால் நாம் போய்ச் சாமியைப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சாமி நம்மைப் பார்ப்பது அல்லவா விஷயம்! அதற்காகத்தானே எட்டி எட்டி, கழுத்து வலிக்க, பெருவிரலில் நின்று நம் முகத்தைக் காட்டப் பார்க்கிறோம்.

அப்போது பக்கத்தில் ஒரு அப்பாவும் மகளும் பஸ்ஸுக்காக நின்றிருந்தார்கள். பள்ளிக்கூடச் சீருடை, முதுகில் அவளைவிடப் பெரிய பை. அப்பா அவளுக்குச் சுவரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கேட்டது மட்டும் எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்தது.

“இவங்கள்ல யாருக்குப்பா அந்த நோய்?”

அவர் நிமிர்ந்து ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தார். “தெரியலையேம்மா.”

“அந்த அக்காவுக்கா?”

“தெரியலைடா கண்ணு.”

அவளும் தேடிப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் போனாள். பிறகு அலுத்துப்போய், “எல்லாரும் நல்லாத்தான்ப்பா சிரிக்கிறாங்க” என்றாள். பஸ் வந்தது. போய்விட்டார்கள்.

எனக்குள் எரிந்தது மூன்று கோட்டை! முப்புரம் என்பது வானத்தில் எங்கோ பறந்த ஊர் அல்ல, நமக்குள் இருக்கும் மூன்று மலங்களின் காரியம் என்று திருமூலர் விளக்கியதை எத்தனை சொற்பொழிவில் கேட்டிருப்பேன். நான் என்ற செருக்கு, செய்த வினை, கண்ணைக் கட்டும் மாயை என்று விரல் விட்டு எண்ணி, தலையாட்டி, பிரசாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இப்போது அது நடக்கிறது. யாருக்கு நோய், யார் சுத்தம், யார் பக்கத்தில் உட்காரலாம், யார் கை பட்ட தம்ளரைத் தனியாக வைக்க வேண்டும் என்று பிரித்துப் பிரித்துப் பார்க்கிற புத்தி, மனிதனோடு கூடப் பிறந்த கோட்டை. அதன் மதில் இரும்பு. அந்தச் சுவரின் முன்னால் அந்தப் புத்திக்கு வேலையே இல்லாமல் போயிற்று. தேடுகிறது, கிடைக்கவில்லை. சலிக்கிறது. முகங்கள் சிரித்துக்கொண்டே இருக்கின்றன. வில் வளையவில்லை, அம்பு பாயவில்லை, உபதேசம் இல்லை, அதட்டல் இல்லை. சிரிப்பு ஒன்றுதான். ஐயனே, இதுவல்லவா நீ அன்று செய்தது! கபாலி, மருந்தீசா, தில்லைக் கூத்தா, நீ ஏன் அம்பெய்யவில்லை என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. அம்பு பட்டால் எதிரி சாவான். சிரிப்புப் பட்டால் எதிரியே இல்லாமல் போகிறான். எரிந்த முப்புரத்திலிருந்துகூட உன்மேல் அன்பு வைத்த மூவரை எடுத்து, இருவரை வாசலில் நிறுத்திக்கொண்டாய், ஒருவனை உன் ஆட்டத்துக்கு முழவு வாசிக்க வைத்துக்கொண்டாய். என்னை எங்கே நிறுத்துவாய்? வாசல் போதும். உன் வாசல் இந்த ரயில் நிலையத்து வாசலாக இருந்தாலும் போதும்!

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மயிலையில் பிறந்த வாயிலார் வாய் திறவாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிக் கும்பிட்டவர். அவர் சந்நிதி கபாலீச்சரத்தில் இருக்கிறது. நான் பேச்சுக்காரன், எனக்கு மௌனம் எளிதில் வராது. அன்று வந்தது.

இந்த நோயின் கதையும் சென்னைக்கு அந்நியம் அல்ல. 1986இல் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்துச் சொன்னது இந்த ஊர்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன் வழிகாட்ட, அவரிடம் படித்த நிர்மலா பாலியல் தொழிலாளிப் பெண்களிடமிருந்து ரத்த மாதிரி சேகரித்தார். அதை வேலூருக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். ஆறு பேருக்குத் தொற்று. அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கிற்று. தொட்டால் வராது, சேர்ந்து சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால் வராது என்று மருத்துவர்கள் தொண்டை வறளச் சொன்னார்கள். கேட்டது யார்? வாடகை வீடு கிடையாது, பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது, செத்தால் தூக்க ஆள் கிடையாது. சுனிதி சாலமன் 1993இல் தானே ஒரு மையம் தொடங்கி, யாரும் தொட மறுத்தவர்களைத் தொட்டு வைத்தியம் பார்த்தார். 2015இல் மறைந்தார், பத்மஸ்ரீ அவர் போன பிறகு வந்தது. இந்தச் சுவரை வரையத் துணை நின்ற மாநில எய்ட்ஸ் சங்கம் 1994இல் உருவானது. நாட்டில் இந்த வகையில் அதுவே முதல். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது தாம்பரம் ஆஸ்பத்திரியும் முதல் வரிசையில் இருந்தது. இன்றைக்கு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் நீடிக்கிறவரிடமிருந்து உடலுறவின் மூலம்கூட அடுத்தவருக்குப் பரவுவதில்லை. மற்றவர்களைப் போலவே முழு ஆயுசும் வாழலாம். 2017இல் சட்டமும் வந்தது: தொற்றைக் காரணம் காட்டி வேலை, படிப்பு, வீடு, வைத்தியம் எதையும் மறுக்கக் கூடாது.

மருந்து வேலை செய்துவிட்டது. முகம் சுளிப்பதற்குத்தான் மருந்து இல்லை. அடுத்த நிலையத்தில் இருப்பவனோ மருந்தீசன். அகத்தியருக்கு மூலிகைகளின் குணத்தை உபதேசித்தவன் என்பது தல வரலாறு. அவன் வாசலுக்கு ஒரு நிலையம் முன்னால் இந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது தற்செயல் என்று நீங்கள் சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

அடியார் கூட்டத்தில் நோயாளிக்கு இடமில்லையா என்ன? அப்பருக்குச் சூலை. சுந்தரருக்குக் கண் போயிற்று, உடம்பில் நோயும் கண்டது. தண்டியடிகள் பிறவியிலேயே பார்வையற்றவர். இவர்களுக்கெல்லாம் மேலே காரைக்கால் அம்மையார். கணவனே அவரைத் தெய்வம் என்று விழுந்து வணங்கி விலகியபின், இந்தச் சதை எதற்கு என்று உதறிவிட்டுப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டவர். கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். கயிலாயத்தில் உமையே, இந்த எலும்புக்கூடு யார் என்று கேட்க, நம்மைப் பேணும் அம்மை இவள் என்று சொல்லித் தாயில்லாத இறைவன் அவரைத் தாயாக ஏற்றுக்கொண்டான். இந்த அம்மையைச் சோழர் காலத்துச் சிற்பி எப்படி வடித்தான் தெரியுமா? வற்றிய மார்பு, எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்பு, கையில் தாளம், முகத்தில் சிரிப்பு! கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள். அமெரிக்காவில் கான்சாஸ் நகர அருங்காட்சியகத்தில் ஒரு செப்புத் திருமேனி இருக்கிறது. அதிலும் இதே சிரிப்பு. ஊரே முகம் திருப்பிக்கொண்ட உடம்புக்குச் சிற்பி கொடுத்த முகத்தைப் பார்த்தால், அரண்மனைப் பெண்களுக்குக்கூட அவன் அவ்வளவு ஆனந்தத்தைக் கொடுக்கவில்லை. இந்திரா நகர்ச் சுவருக்குப் பாட்டி அந்தச் சிலைதான் என்று நான் சத்தியம் செய்வேன்.

அந்தச் சுவர் பார்க்கும் ராஜீவ் காந்தி சாலையில் இன்னும் தெற்கே போனால் ஒக்கியம் துரைப்பாக்கம். உள்ளே திரும்பினால் கண்ணகி நகர். கூவம், அடையாறு, கால்வாய்க் கரைகளிலிருந்தும் கடலோரக் குப்பங்களிலிருந்தும் அப்புறப்படுத்தப்பட்டவர்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கொண்டுவந்து குவித்த குடியிருப்பு. முகவரியைச் சொன்னால் வேலை தராமல் திருப்பி அனுப்புவார்கள் என்று அங்கே பிள்ளைகள் சொல்வார்கள். 2020இல் அந்தக் குடியிருப்பின் சுவர்களிலும் ஓவியர்கள் பலர் ஏறினார்கள். ஏ-கில் அங்கே வரைந்தது குழந்தைகளின் சிரித்த முகங்களை. 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகா அந்த ஊர்ப் பெண்.

சுவருக்கு வண்ணம் அடித்தால் குழாயில் தண்ணீர் வந்துவிடுமா என்று அங்கே ஒரு பெரியவர் கேட்டால், எனக்கும் பதில் கிடையாது. வராது. சாக்கடை சாக்கடையாகத்தான் இருக்கும். அதற்கு வேறு ஆட்களை வேறு மாதிரி உலுக்க வேண்டும். ஆனால் தன் தெருவின் மிகப் பெரிய சுவரில் தன்னைப் போன்ற ஒரு முகம் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே வளரும் பிள்ளைக்கு, யாரோ என்னைக் கவனித்திருக்கிறார்கள் என்பது தெரியும். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒரு கூட்டத்துக்கு இது சின்ன விஷயம் அல்ல. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது என்கிறோம். விலகியதால் அவருக்கு நிலம் கிடைத்ததா, கூலி உயர்ந்ததா? பார்வை கிடைத்தது. அதற்கும் அவர் உருகினார்.

படத்தில் இருக்கும் சாமிக்குக் கொடுத்தால் நடமாடும் மனிதனுக்குப் போய்ச் சேராது, நடமாடும் மனிதனுக்குக் கொடுத்தால் சாமிக்குப் போய்ச் சேரும் என்பது திருமூலர் கணக்கு. படம் ஒரு பக்கம், மனிதன் ஒரு பக்கம் என்று நானும் அதைப் பிரித்தே படித்து வந்தேன். இங்கே நடமாடும் கோயிலே படமாகி நிற்கிறது. மாத்திரை வாங்க வரிசையில் நிற்கிறவர், அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், இருவர் முகமும் ஒரே சுவரில், ஒரே உயரத்தில். இதற்குத் தீபம் காட்டாமல் வேறு எதற்குக் காட்டுவது? கையில் கற்பூரம் இருந்திருந்தால் அன்றைக்கு ராஜீவ் காந்தி சாலை ஓரத்திலேயே ஏற்றியிருப்பேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் என்ன சொல்லியிருப்பாரோ!

பிறகு மருந்தீசர் கோயிலுக்கும் போனேன். மேற்குப் பார்த்த சந்நிதி. வெண்ணிறச் சுயம்பு. பசுவின் குளம்படி பட்ட வடு மேலே இருப்பதாகக் குருக்கள் சொல்லுவார். வழக்கமாக, இதைக் கொடு அதைக் கொடு என்று நீளும் என் பட்டியல் அன்று வரவில்லை. “பார்த்துட்டேன்” என்று மட்டும் சொன்னேன். திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் பூ விற்கிற அம்மா, செருப்பைப் பார்த்துக்கொள்கிற பெரியவர், கைநீட்டும் கிழவர், சுண்டல்காரப் பையன் எல்லாரும் அவரவர் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் நின்று பார்த்தேன். செருப்புக்காரப் பெரியவர், “என்ன சார், டோக்கன் தொலஞ்சுபோச்சா?” என்று கேட்டுச் சிரித்தார்.

வெளிச் சுவரின் வண்ணம் சாசுவதம் இல்லை. வெயிலும் மழையும் உப்புக் காற்றும் அதைத் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். திருமயிலையில் கபாலியைக் கும்பிட்டுவிட்டு மருந்தீசரிடம் போகிறவர்கள் இந்திரா நகரில் இறங்குங்கள். மாலையில் போங்கள். சாலைப் பக்கம் வந்து, கொஞ்சம் தள்ளி நின்று, அண்ணாந்து பாருங்கள். இன்னொரு வேலையும் உண்டு. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்று ஒரு பலகை தொங்கும். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். சந்தேகம் கேட்க 1097 என்ற எண்ணை எந்த ஊரிலிருந்தும் அழைக்கலாம். கட்டணம் கிடையாது.